குட்டிக் காம்பரா

என் பன்றி பெரியவள் தலையீற்றில் 11 குட்டி போட்டாள். மூன்றாம் நாள் விடியலில் டோர்ச் அடித்து எண்ணினேன். ஆறுதான் இருந்தது.

மற்றதைத் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டை முந்தின நாளே புதைத்திருந்தேன். ஒன்று சுவரோரம் விறைத்துக் கிடந்தது. கடைசி இரண்டும் அவளுக்கு அடியில். முதுகில் தட்டியதும் முன்னங்காலை ஊன்றி, நாய் மாதிரி கொஞ்சம் உட்கார்ந்து, அப்புறம் எழுந்தாள். நனைந்த துணியைத் தரையில் போட்டதுபோல் இரண்டும் சீமெந்தோடு ஒட்டிக் கிடந்தன. ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

2021 தை மாதம் அது. நுவரெலியாவுக்குப் பக்கத்து நானுஓயா ஸ்டேசனே 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் தோட்டம் அதற்கும் மேலே. பள்ளத்துத் தேயிலையில் உறைபனி விழுந்து, கொழுந்தெல்லாம் நெருப்புப் பட்டதுபோல் கருகியிருந்தது. ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மச்சு ஏது, தகரம்தான். இரண்டு பனியும் நேரே பாய்க்கு இறங்கும்.

நான் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் 14 வருஷம் நின்றவன். 2020இல் ஊரடங்கு போட்டதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கையில் இருந்த காசுக்கு ஒரு பெண் பன்றி வாங்கினேன். லயத்துக்குக் கீழே, எங்கள் மரக்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் பழைய மாட்டு மடுவம் ஒன்று கிடந்தது. அதைப் பட்டியாக்கினேன். கோவா (முட்டைக்கோஸ்) இலைக்கும் லீக்ஸ் தாளுக்கும் எங்கள் பக்கம் பஞ்சமில்லை, தவிடும் புண்ணாக்கும் வாங்கிக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த பன்றி வளர்ப்பு அவ்வளவுதான். குட்டி போட்டால் தாய் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். ஆடு பார்த்துக்கொள்கிறது, மாடு பார்த்துக்கொள்கிறது, இதற்கு மட்டும் என்ன?

லயத்தில் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். “குட்டி திங்கிற பன்னி, வித்துத் தொலை” என்றார் ஒருவர். “தலையீத்து அப்பிடித்தான் போகும்” என்றார் இன்னொருவர். மீதி ஆறும் பால் மறந்ததும் அவளை இறைச்சிக்குக் கொடுத்துவிடுவது என்று நான் முடிவே பண்ணிவிட்டேன்.

அப்போதுதான் அம்மாயி கம்பை ஊன்றிக்கொண்டு, தலையில் கம்பளியோடு இறங்கி வந்தார். என் அம்மாவின் அம்மா. அப்போதே வயது 80. கொழுந்து எடுத்த காலம் போக, 26 வருஷம் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தவர். (மலையகத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு: காம்பரா என்றால் அறை, போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் பிள்ளைக்காம்பரா.)

பெரியவளை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. உயிரோடு இருந்த குட்டிகளில் ஒன்றைத் தூக்கி, அதன் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டார்.

“தம்பி, நீயும் விட்டுப் பாரு.”

விட்டேன். வாய்க்குள் சூடாக இருக்கும் என்று நினைத்தேன். பீலித் தண்ணியில் விரல் வைத்த மாதிரி இருந்தது. நாக்கு ஜில்லென்று கிடந்தது. விரலைச் சப்பக்கூட அதற்குத் தெம்பில்லை.

“குளிருக்குத்தான் இதுங்க அவ வயித்துக்கடியில பூந்துருக்குங்க. அவ என்னடா செய்வா, படுக்காம நின்னுக்கிட்டே இருப்பாளா?”

அதற்குப் பிறகு நான் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதெல்லாம் அந்தப் பேச்சுக்கு உரை எழுதியது போலத்தான்.

வயிற்றுக்குள் குட்டி 39 பாகை சூட்டில் இருக்கிறது. வெளியே வரும்போது உடம்பெல்லாம் ஈரம். விழுவது சீமெந்தில். எங்கள் ஊர்த் தை மாத இரவு ஐந்தாறு பாகைக்கும் இறங்கும். ஆள் ஒரு கிலோ சீனிப் பக்கட்டை விடக் கொஞ்சம் கனம், 1.2 அல்லது 1.4 கிலோ. முடி பேருக்குத்தான். தோலுக்கடியில் கொழுப்பென்று சொல்ல ஒன்றுமில்லை. மனிதக் குழந்தையும் கன்றும் ஆட்டுக்குட்டியும் பழுப்புக் கொழுப்போடு பிறக்கின்றன. நடுங்காமலே உடம்பைச் சூடாக்கும் கொழுப்பு அது. பன்றிக்கு அது கிடையாது. அதற்கு வேண்டிய மரபணு ஏறத்தாழ 2 கோடி வருஷத்துக்கு முன்பே பன்றி வம்சத்தில் பழுதாகிவிட்டது. 2017இல் சீன விஞ்ஞானிகள் எலியின் மரபணுவை வைத்து, குளிர் தாங்கும் 12 குட்டிகளைப் பிறக்கவைத்தார்கள். நமக்கு அந்த வசதியில்லை. மிலாறும் (கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி) சாக்கும்தான்.

பிறந்த குட்டியின் கையிருப்பு, ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கும் கொஞ்சம் சர்க்கரைச் சத்து. ஒரு நாளைக்கே காணாது. நடுங்கி நடுங்கி அதைத்தான் எரிக்கிறது. அரை மணிக்குள் உடம்புச் சூடு இரண்டு மூன்று பாகை இறங்கிவிடும். சீம்பால் உள்ளே போனால் திரும்ப ஏறும். போகாதது மந்தமாகும். மந்தமானது காம்புக்குச் சண்டை பிடிக்காது, சண்டை பிடிக்காததற்குப் பால் கிடைக்காது, பால் கிடைக்காதது இன்னும் குளிரும். அந்தப் பட்டியில் சூடான இடம் ஒன்றே ஒன்றுதான், தாயின் மடி. அங்கே போய் ஒட்டிக்கொண்டு தூங்கும். அவள் எழுந்து தின்றுவிட்டுத் திரும்பப் படுக்கும்போது விலகி ஓட அதற்குத் தெம்பிருக்காது. குட்டியின் கனத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் அவள் கனம். நசுங்கிச் சாகும் குட்டிகளில் பெரும்பாலானவை முதல் மூன்று நாளுக்குள் சாவது இதனால்தான். ‘நசுங்கியது’ என்று கொப்பியில் எழுதியிருந்ததைப் பிறகு வெட்டிவிட்டுக் ‘குளிர்’ என்று எழுதினேன்.

சரி, குளிர்தானே, சூடாக்கிவிட்டால் போயிற்று என்று அன்றைக்குச் சாயந்திரமே ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். மடுவத்தைச் சுற்றிப் பழைய படங்கும் உர பேக்கும் கட்டி இடுக்கெல்லாம் அடைத்தேன். மிலாறு எரித்த தணலை ஒரு தகரச் சட்டியில் அள்ளி உள்ளே வைத்தேன். ஒரு மணித்தியாலத்தில் பெரியவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. எழுந்தாள், படுத்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி படுத்தாள். ஒவ்வொரு தரம் அவள் முட்டி மடக்கும்போதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. குட்டிகள் சாவது அவள் படுக்கும்போதும் புரளும்போதும்தான், நானோ அவளை ஓயாமல் எழுப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தேன்.

தாய்க்கு 18, 20 பாகை இருந்தால் போதும். பால் சுரக்கும் உடம்பு தானே ஒரு அடுப்பு. சூடு ஏறினால் தீனி குறையும், தீனி குறைந்தால் பாலும் குறையும். குட்டிக்கோ முதல் இரண்டு மூன்று நாள் 32 பாகையிலிருந்து 35 பாகை வரை வேண்டும். ஒரே கூரைக்கடியில், ஒரே நேரத்தில், இரண்டு பருவகாலம் வேண்டும் என்று கேட்கிற குடும்பம்.

அம்மாயி வந்து படங்கைப் பிடுங்கி எறிந்தார். தணல் சட்டியை வெளியே தள்ளச் சொன்னார். மூடிய இடத்தில் கரிப்புகை எப்படிக் கொல்லும் என்று அவருக்குத் தெரியும்.

“புள்ளைக்காம்பராவுல தாய்மாரையுமா படுக்க வச்சோம்? புள்ளைக்கு ஒரு மூலை. பால் குடுக்குற நேரத்துக்கு அவ வருவா. மத்த நேரம் அவ வேலை அவளுக்கு.”

அந்த ஆறு குட்டியையும் பிஸ்கட் காட்போட் பெட்டியில் போட்டு எங்கள் குசினி அடுப்போரம் வைத்தோம். நானும் என் மனைவியும் இரண்டு இரவு, மணிக்கொரு தரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினோம். பன்றி பால் கொடுப்பதை அந்த இரண்டு இரவில்தான் சரியாகப் பார்த்தேன். மாடுபோல மடியில் பால் தேங்கி நிற்பதில்லை. முக்கால் மணி, ஒரு மணிக்கொரு தரம்தான் இறங்கும். குட்டிகள் முதலில் மூக்கால் மடியை முட்டி முட்டிப் பிசைகின்றன. அவள் தொண்டைக்குள் ‘ர்ம்… ர்ம்…’ என்று மெதுவாக உறுமிக்கொண்டிருப்பாள். திடீரென்று அந்த உறுமல் வேகம் பிடிக்கும், கறல் பிடித்த மோட்டாரை ஸ்டார்ட் பண்ணுவது போல. அந்த நொடியில் குட்டியெல்லாம் அசையாமல் காதைப் பின்னால் தள்ளிக்கொண்டு உறிஞ்சும். இருபது விநாடிதான். முடிந்தது. அந்த இருபது விநாடியைத் தவறவிட்ட குட்டிக்கு இனி அடுத்த மணிதான். எங்கள் பெட்டி இரண்டு தரம் நேரம் தப்பிப் போய்ச் சேர்ந்தது. சங்கு ஊதிய பிறகு மலைக்குப் போனவளை வேலையில்லை என்று திருப்பி அனுப்பிய மாதிரிதான் அந்தக் குட்டிகள் நின்றன.

ஆறும் பிழைத்தன. அவளை விற்கவில்லை.

அடுத்த ஈற்றுக்கு முன்பு குட்டிக் காம்பராவைக் கட்டினேன். பேர் வைத்தது என் மனைவி. 4 அடி நீளம், 2 அடி அகலத்தில் ஒரு பலகைப் பெட்டி. பட்டியில் காற்று அடிக்காத மூலையில், அவள் வழக்கமாக மடியைக் காட்டிப் படுக்கும் பக்கத்தில். வாசல் ஒரு சாண் அகலம், குட்டி நுழையும், தாயின் மூக்கு மட்டும் நுழையும். அடியில் சீமெந்தைத் தொடாமல் ஒரு அங்குலம் தூக்கிப் பலகை. சீமெந்து சூட்டைத் திருடும், வட்டிக்காரனை விட மோசமாக. பலகைக்கு மேல் மரத்தூள், அதற்கு மேல் வெயிலில் காயவைத்த மானாப்புல். மேலே தூக்கித் திறக்கிற மூடி. மூடியில் ஓட்டை போட்டு 250 வாட் சிவப்பு வெப்ப விளக்கு.

விளக்கைப் பற்றி ஹார்ட்வெயார்க்காரன் என்ற முறையில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வயரில் தொங்கவிடாதீர்கள். சங்கிலியில் தொங்கவிடுங்கள். கீழே இருப்பது காய்ந்த புல், பல்பு கழன்று விழுந்தால் பட்டியே போய்விடும். புல்லிலிருந்து இரண்டடி உயரம் வைத்து, குட்டியின் முதுகு இருக்கும் மட்டத்தில் புறங்கையை நீட்டிப் பார்க்க வேண்டும். சுருக்கென்றால் சங்கிலியில் ஒரு கண் மேலே. செலவைக் கேட்டால், 250 வாட் 14 மணித்தியாலம் எரிந்தால் மூன்றரை யூனிட். முதல் மாத பில்லைப் பார்த்து என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஆனால் ஒரு குட்டி பிழைத்தாலே அந்த பில் அடைந்துவிடும்.

வெப்பமானி வாங்கலாம், நானும் வாங்கினேன். ஒரே வாரத்தில் பெரியவள் அதை மென்றுவிட்டாள். அதை விட நல்ல கருவி குட்டிகள் படுத்திருக்கும் விதம். ஒன்றன் மேல் ஒன்று குவிந்து கிடந்தால் குளிர். விளக்கை விட்டு விலகி, ஓரம் பார்த்துச் சிதறிக் கிடந்தால் சூடு அதிகம். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, ஒரே அடுக்காக, காலை நீட்டிக்கொண்டு கிடந்தால் சரி. அம்மாயி பிள்ளைக்காம்பராவில் இருபது ஏணையை எட்டிப் பார்த்தே எந்தப் பிள்ளை நனைத்திருக்கிறது என்று சொல்வாராம். அதே கண்தான் இங்கேயும்.

இரண்டாவது ஈற்றில் ஒன்று புரிந்தது. பெட்டியை வைத்துவிட்டால் குட்டி தானாகப் போய்ப் படுத்துவிடாது. முதல் நாள் அவற்றுக்குத் தாயின் மணமும் மடியும்தான் உலகம். பக்கத்தில் 34 பாகையில் மாளிகை கட்டி வைத்தாலும் மடிக்கடியில்தான் போய்க் கிடக்கும். நாம்தான் தூக்கிப் போட வேண்டும். அவள் தின்ன எழும் நேரம் பார்த்து எல்லாவற்றையும் உள்ளே போட்டு வாசலை ஒரு பலகையால் அடைத்துவிட வேண்டும். தின்று, குடித்து, போக வேண்டியதெல்லாம் போய், நிதானமாகப் படுத்த பிறகு திறந்துவிட வேண்டும். இரண்டு நாள் இப்படிச் செய்தால் மூன்றாம் நாள் தாங்களாகவே பால் குடித்ததும் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து ஓடிவிடும்.

பெட்டியோடு சேர்த்துச் சுவரோரம் கம்பி போட்டேன். பன்றி நடுப்பட்டியில் பொத்தென்று விழுந்து படுப்பது குறைவு. சுவரில் சாய்ந்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே கீழே இறங்கும். சுவருக்கும் அவளுக்கும் நடுவில் அகப்பட்டது போய்விடும். அதனால் சுவர் நெடுகத் தண்ணீர்க் குழாய்க் கம்பி. அளவு ஞாபகம் வைப்பது சுலபம்: தரையிலிருந்து ஒரு சாண், சுவரிலிருந்து ஒரு சாண். அவள் முதுகு கம்பியில் தட்டும், குட்டிக்குக் கம்பிக்குப் பின்னால் ஒரு சந்து கிடைக்கும். எனக்குக் கடைச்சல் கழிவில் கிடைத்த குழாய். இல்லாதவர்கள் யூகலிப்டஸ் கம்பே போடலாம், ஆனால் அவள் பல்லுக்கு அது ஒரு வருஷம்தான்.

மூன்றாவது ஈற்று எந்த நாளில் வந்தது தெரியுமா? காளைக்கு விட்ட கணக்குப்போல் பன்றிக்கும் கலண்டரில் குறித்து வைப்போம். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள், மொத்தம் 114 நாள். ஆண் பன்றியோடு சேர்த்த நாள் டிசம்பர் 7 என்று குறித்திருந்தேன். எண்ணிப் பார்த்தால் 2022 மார்ச் 31. அந்த நாளை இலங்கையில் யாரும் மறக்க மாட்டார்கள். 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. டீசல் இல்லை, காஸ் இல்லை, மெழுகுவர்த்தி விலை ஏறிவிட்டது. எனக்கிருந்த கவலையெல்லாம் அந்த சிவப்பு விளக்கு.

மத்தியானமே பெரியவள் கூடு கட்ட ஆரம்பித்துவிட்டாள். குட்டி போடுவதற்கு முந்தின நாள் அவர்களுக்கு அந்த வெறி வரும். காட்டுப்பன்றியும் இப்படித்தான், ஒதுங்கிப் போய்ப் புல்லைக் குவித்து அதற்குள்தான் ஈனும். ஒரு கட்டு மானாப்புல்லைப் போட்டேன். வாயால் கவ்விக் கவ்வி மூலைக்குக் கொண்டுபோனாள், முன்னங்காலால் பறித்தாள், திருப்தி இல்லாமல் கலைத்து மறுபடி அடுக்கினாள். புல் கிடைத்த பன்றி கடைசியில் அமைதியாகப் படுத்து ஈனும். ஒன்றும் கிடைக்காதது சீமெந்தைப் பிறாண்டிக்கொண்டு, எழுந்து எழுந்து படுக்கும். சாயந்திரம் காம்பைப் பிதுக்கினேன், பால் பீய்ச்சியடித்தது. இனி ஆறு மணித்தியாலத்துக்குள் என்று அர்த்தம்.

விளக்குக்குப் பதில் போத்தல். லயத்தில் காலிச் சாராயப் போத்தலுக்கு என்றைக்கும் குறைவில்லை. அன்றைக்கு அது உபகாரமானது. கொதிநீரை நேரே ஊற்றிய முதல் போத்தல் டப்பென்று வெடித்தது. பிறகு முதலில் வெதுவெதுப்பாக ஒரு தரம் அலசி, அப்புறம் சுடுநீர் ஊற்றி, பழைய காலுறைக்குள் போட்டுக் கட்டினோம். ஒரு நேரத்தில் பெட்டிக்குள் ஆறு போத்தல், மாற்றுக்கு ஆறு குசினியில். அதோடு அம்மாயியின் முறை: இரண்டு செங்கல்லை மிலாறு அடுப்பில் சுட்டு, சாக்கில் சுற்றிப் புல்லுக்கடியில். போத்தல் இரண்டு மணித்தியாலம் தாங்கும், செங்கல் மூன்று.

முதல் குட்டி ஒன்பது மணிக்கு வந்தது. என் மனைவி பழைய சேலைத் துண்டால் வாயையும் மூக்கையும் துடைத்து, உடம்பைத் தேய்த்துக் காயவைத்தாள். ஈரம் போனாலே பாதிக் குளிர் போனது. நான் தொப்புள்கொடியை அயடினில் தோய்த்தேன். அடுத்தது கால் மணியில். அதற்கடுத்தது இருபது நிமிஷத்தில். நடுவில் இருந்த நேரத்துக்கெல்லாம் அம்மாயி பலகை முக்காலியில் உட்கார்ந்துகொண்டு கதை சொன்னார். தாயில்லாத பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்கு மதுரைச் சொக்கநாதர் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்த கதை. அப்புறம் அந்தப் பன்னிரண்டும் பாண்டியனுக்கு மந்திரியான கதை. லயத்தில் எங்களைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவர்களும் அதே சிவன் கோயிலில்தான் கும்பிடுகிறார்கள் என்று ஒரு பின்னிணைப்பும் சொன்னார்.

பன்னிரண்டோடு நிற்கும் என்று பார்த்தால் 13 வந்தது. “சாமிய மிஞ்சிட்டா” என்றார் அம்மாயி. பெரியவளுக்குக் காம்பு 14, அதில் கடைசி இரண்டு குருடு, பால் வராது.

பதின்மூன்றாவது கையளவுதான். முக்கால் கிலோ இருந்தால் அதிகம். மூச்சு இருந்தது, அசைவு இல்லை, வாய்க்குள் விரல் விட்டால் ஐஸ். அம்மாயி ஒரு வாளியில் வெந்நீர் கலக்கச் சொன்னார், பிள்ளைக்குக் குளிக்க வார்க்கிற பதம், முழங்கையை விட்டுப் பார்க்கிற சூடு. கழுத்து வரை அதற்குள் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் ஆற ஆறச் சூடு ஊற்றினாள் மனைவி. பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் பின்னங்கால் ஒன்று என் உள்ளங்கையை உதைத்தது. துடைத்துக் காயவைத்து, சீம்பாலைக் குவளையில் கறந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக நாக்கில் விட்டோம். ஈனும் நேரத்தில் சீம்பால் கையாலேயே கறக்க வரும், அதற்கு மணிக்கணக்கு இல்லை. பன்றிக்குட்டிக்கு நோய் எதிர்ப்பு வயிற்றுக்குள் இருக்கும்போது வருவதில்லை, முழுக்கச் சீம்பாலில்தான் வருகிறது. அதையும் குடல் முதல் ஒரு நாள், ஒன்றரை நாள்தான் உள்ளே விடும், பிறகு கதவு மூடிவிடும். ஆளுக்கு 200, 250 கிராமாவது போக வேண்டும்.

குட்டி கூடிப்போனால் முறை வைத்துக் குடிக்கவிட வேண்டும். கொழுத்த ஆறேழு குட்டியை, குடித்தவுடனே காம்பராவில் அடைத்து, ஒன்றரை மணித்தியாலம் மடியைச் சின்னதுகளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். முன் காம்பில்தான் பால் அதிகம், பலசாலிகள் அதைப் பிடித்து இரண்டு மூன்று நாளில் பட்டா எழுதிக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றும் தன் காம்பைத் தவிர வேறெதற்கும் போகாது.

விடியும்போது 13ம் உயிரோடு இருந்தன. நாலாம் நாள் ஒன்று போய்விட்டது. சின்னது போகவில்லை. எல்லாவற்றிலும் பெரியது, முதல் காம்புக்காரன், பட்டப்பகலில் என் கண் முன்னால். பெரியவள் ஒரு பக்கம் படுத்திருந்தவள் மறுபக்கம் புரண்டாள். ஒரு வீல் சத்தம். நான் கம்பியைத் தாண்டிக் குதித்து அவள் தோளில் முட்டுக்கொடுத்துத் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது. கம்பி சுவரோரத்துக்குத்தான் காவல். நடுப்பட்டிக்கு ஒன்றுமில்லை.

அந்த வருஷக் கடைசியில் வென்னப்புவைப் பக்கம் ஒரு பெரிய பண்ணையைப் பார்க்கப் போனேன். கரையோரத்தில், புத்தளம் கம்பஹா பக்கம்தான் நம் நாட்டில் பன்றி அதிகம். அங்கே தாயை இரும்புக் கூட்டுக்குள் நிறுத்தியிருந்தார்கள். இரண்டடி அகலம். படுக்கலாம், எழலாம், திரும்ப முடியாது. குட்டி நசுங்குவது குறைவு என்று பொறுப்பாளர் சொன்னார், உண்மையும் அதுதான். எங்கள் நாலாம் நாள் குட்டி அங்கே செத்திருக்காது. ஆனால் ஒரு தாய் ஈனுகிற நேரத்தில் காலால் வெறும் இரும்பைப் பறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், கூடு கட்டுகிறாளாம். எனக்கு அது ஒத்துவரவில்லை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு குட்டி போனாலும் பரவாயில்லை என்று திரும்பிவிட்டேன். இது என் பட்டிக்கு நான் பண்ணிக்கொண்ட முடிவு, நூறு தாய் வைத்திருப்பவரிடம் போய்ச் சொல்ல மாட்டேன். இன்னொன்றும் கவனித்தேன். அங்கே தாய்க்கு விசிறி போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் குட்டிக்கு விளக்கு.

மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசி போட வேண்டும், 200 மில்லிகிராம். பாலில் ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம்தான் இரும்பு, குட்டிக்கு ஏழு மில்லிகிராமாவது வேண்டும். ஊசிக்கு முந்தின காலத்தில் செம்மண் கட்டி போடுவார்களாம். அம்மாயி இன்னும் போடச் சொல்வார். பன்றி நடமாடாத இடத்தில் ஆழத் தோண்டி எடுத்ததாக இருந்தால் போடுங்கள் என்று மிருக வைத்தியரும் சொல்லிவிட்டார், இல்லாவிட்டால் பூச்சியும் சேர்ந்து வரும். 2024 ஒக்டோபரில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டில் பரவிய பிறகு ஈனும் பட்டிக்குள் வெளியாள் யாரையும் விடுவதில்லை. ஹோட்டல் மிச்சச் சாப்பாடும் நிறுத்திவிட்டேன். அந்தக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது, பன்றிக்கு வந்தால் மருந்தில்லை. பட்டி வாசலில் கிருமிநாசினித் தட்டு ஒன்று, செருப்பை அதில் நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பார்க்க வந்து கோபித்துக்கொண்டு போன மச்சான்மார் உண்டு.

போன தையில் பெரியவளின் மகள் ஈன்றாள். 12 குட்டி. அம்மாயியால் இப்போது படி இறங்க முடியாது. இரண்டாம் நாள் விடிகாலை நாலு மணிக்கு நான் பட்டிக்குப் போய்த் திரும்பி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“குட்டியெல்லாம் எப்பிடிப் படுத்துருக்கு?”

“ஒண்ணுக்கு மேல ஒண்ணா, அம்மாயி.”

“அப்ப ஏன் மேல வந்த?”

திரும்ப இறங்கிப் போய், விளக்குச் சங்கிலியில் ஒரு கண் இறக்கிவிட்டு, அவை பிரிந்து படுக்கும் வரை அங்கேயே நின்றேன். கால் மணித்தியாலம் ஆயிற்று.